பதினொன்றேகால் வரை திருவோணம்

நாவலூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் எடுத்த எடுப்பிலேயே இல்லை என்று சொல்லிவிட மாட்டார்கள். ரொம்ப மரியாதையான ஊர். எந்தப் பக்கத்து ஆட்கள், எத்தனை பேர், அசைவம் உண்டா என்றெல்லாம் சிரித்த முகமாய் விசாரிப்பார்கள். பெயரைச் சொன்னதும்தான் அந்த வீடு நேற்றே போயிருக்கும். ஜெசிந்தாவுக்கு அப்படி நேற்றே போன வீடுகள் ஓஎம்ஆர் சாலை நெடுக இருந்தன. போகாத வீடுகளுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள். அவ்வளவு பணத்தை அவள் சேர்த்து முடிப்பதற்குள் அந்தக் கட்டடமே பழசாகிவிடும்.

ஜெசிந்தா படாளத்திலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நட்டு, அடுத்தவர் களத்தில் அடித்தவர்கள். இவள் பத்தாவது முடித்து, செங்கல்பட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, அடுக்குமாடி வீடுகளில் படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் வேலைக்கு வந்தாள். புருஷன் ஏசுபாதம் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவன். கூலியில் பாதியைப் பஸ்ஸுக்குக் கொடுக்க மனசில்லாமல் கூடத்து ஷெட்டிலேயே படுத்துக்கொள்வான். மகள் ஜெபா படாளத்தில் தாய்மாமன் வீட்டில். ஜெசிந்தாவோ அந்தந்த மாதம் எந்த நோயாளியோ அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், பாயில். மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் சந்தித்துக்கொண்டு, ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு பஸ் ஏறுவார்கள். குடும்பம் என்று அதற்குப் பெயர்.

ஜெபா பிளஸ் டூவுக்குப் போன வருடம், நாவலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஜெசிந்தா அப்போது ஒன்றே ஒன்றுதான் பிடிவாதமாக நினைத்தாள். பங்குனியில் பரீட்சை முடிகிற வரைக்குமாவது மூன்று பேரும் ஒரே வீட்டில் சாப்பிட்டு ஒரே வீட்டில் தூங்க வேண்டும். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

வழி சொன்னவன் புரோக்கர் ஜெகதீசன்.

"உங்களுக்கு நாளு நட்சத்திரம்லாம் கெடையாதில்ல?" என்றான்.

"வேதக்காரங்களுக்கு இன்னாண்ணா நட்சத்திரம்?"

"அப்ப வூடு கீது."

சில நட்சத்திரங்களில் ஒருவர் செத்தால் அது அடைப்பு. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி என்றால் ஆறு மாதம் வீட்டையே பூட்டிப் போட்டுவிட வேண்டும். பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. சுவரை இடித்து ஓட்டை வழியாக எடுத்து, அப்புறம் அதை மூடிவிடுவார்கள். போனவருக்குத் திரும்பி வரும் வழி தெரியக் கூடாது என்பது கணக்கு. ஏழாவது மாடியில் சுவரை இடித்தால் குடியிருப்போர் சங்கம் சும்மா விடுமா? ஆகவே இங்கே வாசலை மறைத்துத் தென்னங்கீற்று கட்டி, கீற்றில் ஓட்டை போட்டு எடுக்கிறார்கள். சாஸ்திரத்துக்கும் சங்கத்துக்கும் பொதுவான ஏற்பாடு.

ஆனால் பேங்க் லோனுக்கு அடைப்பு கிடையாது. மாதம் பிறந்தால் தவணை கட்டியாக வேண்டும். பூட்டிய வீட்டுக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது ஜெகதீசன் ஆள் கொண்டுவருவான். கிறிஸ்தவர்கள், அடைப்பு ஒட்டாது, பாதி வாடகை, ஆறாம் மாதம் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். மற்ற வாசல்களில் எந்தப் பெயரைக் கேட்டதும் வீடு நேற்றே போனதோ, அதே பெயருக்கு இங்கே சாவி கிடைத்தது. ஜெசிந்தாவுக்கு இதில் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சாவியை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

முதல் வீடு ஒரு பேங்க் மேனேஜருடையது. சித்திரையில் செத்துப்போனவர். நிபந்தனைகள் இருந்தன. தெருப்பக்கம் விளக்கு போடக் கூடாது. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. மீன் வறுக்கக் கூடாது. அவர் உயிர் போன அறையைத் திறந்து புழங்கக் கூடாது, ஆனால் சாயங்காலம் சாயங்காலம் அங்கே ஒரு விளக்கும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைக்க வேண்டும். நம்பிக்கை இல்லையென்றாலும் ஜெசிந்தா ஒழுங்காக வைத்தாள். வாடகையில் அதுவும் சேர்த்தி.

வைத்த தண்ணீர் காலையில் பாதியாகக் குறைந்திருக்கும். "காத்து குடிக்குது, வேற இன்னா," என்றான் ஏசுபாதம். ஒரு நாள் டம்ளர் துடைத்துவைத்த மாதிரி காய்ந்து கிடந்தது. ஜெசிந்தா யாரிடமும் சொல்லாமல் மறுபடி நிரப்பி வைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து அறையில் மகள் உரக்கப் படிக்கிற சத்தம் கேட்டது, புருஷன் குறட்டை விடுகிற சத்தம் கேட்டது. அந்த இரண்டு சத்தத்துக்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்வாள்.

தண்ணீரைவிட அவளை உலுக்கியது வேறு ஒன்று. ஒரு நாள் லிஃப்டில் பக்கத்து வீட்டுச் சிறுமி அவளையே பார்த்தபடி, "அந்த வீட்ல யாரும் இல்லன்னு சொன்னியேம்மா?" என்று கேட்டாள். தாய்க்காரி மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "யாரும் இல்ல. நீ அங்க பாக்காத," என்றாள். ஜெசிந்தா லிஃப்ட் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பூவாயியம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது. அதே குடியிருப்பில் அடுத்த கட்டடம், ஏழாவது மாடி. மதுராந்தகம் பக்கத்தில் பயிர் வைக்கும் சம்சாரிக் குடும்பம். மகன் வெங்கடேசன் ரோட்டோர நிலத்தை விற்று, கம்பெனிகளுக்குக் கார் ஓட்டி, கடன் எடுத்து இரண்டு ஃபிளாட் வாங்கியிருந்தார். ஒன்றில் அவர் குடும்பம். வாடகைக்கு விட வாங்கிய இன்னொன்றில் அம்மா. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டயாலிசிஸ் என்றதற்கு, "மிசின்ல துணி தோய்க்கிற மாரி என் ரத்தத்தத் தோய்க்க வாணா," என்று சொல்லிவிட்டாளாம்.

வாய் நீளம். முதல் வாரம் ஜெசிந்தாவுக்குத் தனி டம்ளர் காட்டினாள். ஜெசிந்தாவுக்கு அது புதிதில்லை, பேசாமல் அதில் குடித்தாள். பிறகு உடம்பு தளர்ந்து, ஜெசிந்தா தலையைத் தாங்கிப் பிடித்து வாயில் கஞ்சி ஊட்டும் நிலை வந்தது. எந்த டம்ளர் யாருடையது என்பது அப்போது இருவருக்கும் மறந்துபோனது.

காலையில் கண் விழித்ததும் பூவாயி கேட்பது ஒரே கேள்வி.

"ஏ ஜெசிந்தா, இன்னிக்கி இன்னா நட்சத்திரம்?"

ஜெசிந்தா தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துவிட்டுப் படித்துச் சொல்வாள். நல்ல நட்சத்திரமாக இருந்தால், "இன்னிக்கிப் போனாலும் போலாம்," என்று பூவாயி காலை நீட்டிப் படுப்பாள். அடைப்பு நாளாக இருந்தால் முழுநாளும் பிடிவாதமாகக் கஞ்சி குடித்து, மாத்திரை விழுங்கி, உயிரைப் பிடித்துவைத்திருப்பாள்.

"இன்னாத்துக்கும்மா இப்டி பயப்புடுறீங்க?" என்று ஒரு மத்தியானம் கேட்டாள் ஜெசிந்தா.

பூவாயி ஃபேனைப் பார்த்தபடி சொன்னாள். "எங்கூட்டுக்காரரு சதயத்துல பூட்டாரு. பின்பக்கச் செவுத்த இட்ச்சி எட்த்துகினு போனாங்க. ஊரு சொல்லிச்சின்னு வூட்டப் பூட்டிட்டு நாங்க பம்புசெட் கொட்டாயில கெடந்தோம். ஒரு நாள் நெல்லு எடுக்க நான் மட்டும் உள்ள போயி கதவச் சாத்திகினேன். பட்டப்பகல். வெளிய நின்னுகினு பேரு சொல்லிக் கூப்புட்றாரு. மூணு தபா. அவரு கொரலு எனக்குத் தெரியாதா?"

"தொறந்தீங்களா?"

"தொறக்கல." பூவாயி ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினாள். "அவரு கட்ன வூடு. அவரு வெளிய நிக்கிறாரு, நான் உள்ள நிக்கிறேன். அது மாரி என்ன நிக்க வெச்சிடாதீங்க. போற நேரம் நல்ல நேரமா இருக்கணும்னுதான் கேக்குறேன்."

ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியெல்லாம் ஆகாது என்றாள். அந்த நிமிடம் அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

புரட்டாசி வந்தது. மேனேஜர் வீட்டின் கெடு முடியப் போகிறது. புதிதாக வருகிறவர்கள் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டார்கள். ஜெகதீசனின் கையில் வேறு அடைப்பு வீடு இல்லை. ஜெபாவை மறுபடி மாமன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், ஏசுபாதம் ஷெட்டுக்குப் போக வேண்டும். பரீட்சைக்கு இன்னும் பாதி வருடம் இருந்தது. ஜெபா எதுவும் சொல்லாமல் புத்தகங்களைக் கட்டத் தொடங்கியிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட ஜெசிந்தாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கேட் வாசலில் ஜெகதீசனைப் பிடித்து மறுபடி கேட்டாள்.

"உன் பேஷண்ட்டு எப்டி கீறாங்க?" என்றான் அவன்.

"இந்த வாரம் தாண்டுறது கஷ்டம்ணா."

"அப்ப இன்னா, அந்தம்மா எந்த நட்சத்திரத்துல போறாங்களோ அதான் உனக்கு வூடு. நல்ல நாளாப் பாத்துப் போய்ட்டாங்கன்னா வெங்கடேசன் ஐடி பசங்களுக்கு வுட்ருவாரு." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். வேடிக்கைக்குச் சொன்ன பேச்சு. அவன் மறந்தும் போயிருப்பான்.

ஜெசிந்தா மேலே போனதும் காலண்டர் முன்னால் நின்றாள். தாளைக் கிழிக்காமல், ஓரத்தைத் தூக்கித் தூக்கி வரப்போகும் நாட்களைப் பார்த்தாள். பூராடம், உத்திராடம், திருவோணம், பிறகு அவிட்டம். கட்டிலில் பூவாயி மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தான் செய்வது என்னவென்று உறைத்ததும் சுட்டுக்கொண்டவள் மாதிரி கையை எடுத்துக்கொண்டாள். அன்றைக்குப் பூவாயிக்கு வழக்கத்தைவிட அக்கறையாக உடம்பு துடைத்துவிட்டாள்.

திருவோணத்தன்று காலையில் பூவாயியின் குரல் காற்றாகத்தான் வந்தது.

"இன்னா நட்சத்திரம்?"

"திருவோணம்மா. நல்ல நாளு."

"எம்மாம் நேரம் மட்டும்?"

ஜெசிந்தா தாளைப் பார்த்தாள். "பதினொண்ணேகால் வரைக்கும் போட்டிருக்கு. அப்பால அவிட்டம்."

"அதுக்குள்ள போய்டுறேன்," என்றாள் பூவாயி. பஸ்ஸுக்குக் கிளம்புகிறவள் சொல்கிற மாதிரி சொன்னாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். டிவியில் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்த சீரியலில் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தபோது, ஜெசிந்தாவின் மணிக்கட்டைப் பற்றியிருந்த விரல்கள் தளர்ந்தன. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லை.

ஜெசிந்தா அவள் கண்களை மூடிவிட்டாள். தாடையைத் துணியால் கட்டினாள். வெங்கடேசனுக்குப் போன் போட எடுத்தாள். போன் கையிலேயே இருந்தது.

படபடப்பு அடங்கட்டும் என்று முதலில் நினைத்தாள். ஒரு ஜெபம் சொல்லிவிட்டுக் கூப்பிடலாம் என்று பிறகு நினைத்தாள். ஜெபம் வாயில் வரவில்லை. மத்தியான வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கட்டடத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள், ஒரு கதவு சாத்துகிற சத்தம்கூட இல்லை. செத்தவளின் கை இவள் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சில்லிட்டது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று டிவியைப் பார்த்தாள். டிவியில் தாலி கட்டி முடித்துச் சாப்பாட்டுப் பந்தி போட்டிருந்தார்கள். நட்சத்திரமாவது மண்ணாவது, எல்லா நேரமும் கர்த்தர் படைத்த நேரம்தான் என்று சொல்லிக்கொண்டாள். அது அவள் நிஜமாகவே நம்புவதுதான். அப்படியானால் ஏன் காத்திருக்கிறாய் என்று கேட்க அங்கே வேறு யாரும் இல்லை. பெரிய முள் கால் மணியைத் தாண்டிப் பாதியைத் தொட்டபோது அவள் வெங்கடேசனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அம்மா போய்ட்டாங்க. இப்பதான்."

வெங்கடேசன் முதலில் கேட்டது, "மணி இன்னா?" என்றுதான். பதினொன்றரை என்றாள். பிறகுதான் அழுதார்.

கீற்று வந்தது. வாசலை மறைத்துக் கட்டி, அரிவாளால் ஓட்டை போட்டார்கள். பூவாயி குறுகலான உடம்பு, சிரமமில்லாமல் போய்விட்டாள். காலைப் பிடித்துத் தூக்கியவர்களில் ஜெசிந்தாவும் இருந்தாள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் ஜெகதீசன் சாவி கொண்டுவந்தான். "நல்லவங்களக் கடவுள் கைவுட மாட்டாருன்னு சொல்வாங்களே, பாத்தியா தங்கச்சி," என்றான்.

அந்த ஆறு மாதம் அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஏசுபாதம் சாயங்காலம் மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, தலைமுடியிலிருந்து கல்தூசி போகக் குளித்துவிட்டு, மகளோடு கதை பேசினான். மூன்று தட்டு தரையில் வரிசையாக இருந்தது. ஜெபா காலாண்டில் வாங்காத மதிப்பெண்ணை அரையாண்டில் வாங்கினாள். பூவாயி இறந்த அறையில் விளக்கும் தண்ணீரும் தவறவில்லை. இந்த வீட்டில் தண்ணீர் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. வைத்தது வைத்தபடி இருந்தது. அதுதான் ஜெசிந்தாவுக்குப் பயமாக இருந்தது. குடிக்கிறவள் உள்ளே இல்லை.

வந்த முதல் வாரமே அது ஆரம்பித்துவிட்டது. ஜெசிந்தாவுக்கு இப்போது மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. காலையில் புருஷனும் மகளும் போனபின் வீட்டில் தனியாக இருப்பாள். பதினொரு மணி தாண்டியதும் அழைப்பு மணி ஒருமுறை அடிக்கும். கதவில் இருந்த கண்ணாடித் துளையில் பார்த்தால் நடைபாதை காலியாக இருக்கும். கண்ணை எடுத்ததும் கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், காற்றாகக் குரல் வரும்.

"ஏ ஜெசிந்தா. இன்னிக்கி இன்னா நட்சத்திரம்?"

முதல் நாள் அவள் சமையலறைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். மறுநாளும் கேட்டது. மூன்றாம் நாள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "திருவோணம்மா," என்றாள். அதன்பின் சத்தம் இல்லை. அன்று முழுவதும் இல்லை.

அப்படியே பழகிப்போனது. பூவாயி கேட்பாள், இவள் திருவோணம் என்பாள். காலண்டரில் என்ன போட்டிருந்தாலும் திருவோணம்தான். கதவைத் திறக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பாள். பூவாயி புருஷனுக்குத் திறக்காமல் நின்றது நினைவுக்கு வரும். தாழ்ப்பாளில் கை வைப்பாள், எடுத்துவிடுவாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

பரீட்சை தொடங்கியது. இரண்டு தாளுக்கு நடுவே படிப்பதற்கு விட்ட விடுமுறையில் அன்றைக்கு ஜெபா வீட்டில் இருந்தாள். உள்ளறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா சமையலறையில் மீன் இல்லாத குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். மகள் வீட்டில் இருக்கும்போது மணி அடிக்காது என்று எதனாலோ நம்பியிருந்தாள். குக்கர் விசில் அடங்கிய நேரத்தில், மணி அடிக்காமலே குரல் வந்தது. இந்த முறை கதவுக்கு வெளியிலிருந்து மாதிரி இல்லை, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி இருந்தது.

"இன்னிக்கி இன்னா நட்சத்திரம்?"

ஜெசிந்தா புளிக் கையோடு ஹாலுக்கு வருவதற்குள், உள்ளேயிருந்து ஜெபா பதில் சொல்லிவிட்டாள். "அவிட்டம்மா."

பூவாயி உயிரோடு இருந்தவரை கேட்கப் பயந்த பதில் அது. ஜெபா அறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "நீதானம்மா கேட்ட? காலண்டர்ல அவிட்டம்னுதான் போட்டுகீது."

ஜெசிந்தா ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்துக் கதவை அகலமாகத் திறந்தாள். நடைபாதையில் யாரும் இல்லை. கடைசியில் லிஃப்ட் மட்டும் கதவு மூடி, கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "அம்மா," என்று கூப்பிட்டாள். ஜெபா பின்னால் நின்று, "யாரும்மா?" என்றாள். இவள் இரண்டு தடவை மறுபடி கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து, உடனே மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை. ஜெபா பரீட்சையை நன்றாக எழுதினாள். மறு வாரம் வெங்கடேசன் வீட்டுக்குப் பால் காய்ச்ச ஐடி தம்பதி வந்தார்கள். மூன்று பேரும் மூன்று பையோடு கிளம்பினார்கள். கிளம்புகிற நாள் வரைக்கும், பதினொரு மணி தாண்டினால் ஜெசிந்தா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நீங்க போனது திருவோணத்துலதாம்மா, நான்தான் நேரத்த மாத்திச் சொன்னேன், உள்ள வாங்க என்று சொல்வதற்காக நின்றாள். கேட்க யாரும் வரவில்லை.